இரண்டாவதாக விழித்த டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகிக்கொண்டிருந்த நேரம். எடுத்ததும் என் தங்கை, "அண்ணா, ஒண்ணும் அழியல" என்றாள். எது அழியவில்லை என்று நான் கேட்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்றும் அழியாததற்கு ஒருத்தி இப்படி அழுவாளா? அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்காரவைத்தது.

அவள் ஒரு கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஆகவே முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

"குளிரூட்டிய அந்தச் சின்ன அறையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்றையொன்று..."

(நிறுத்திவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.)

2 (முந்தைய வரைவில் 3)

டாக்டரில் தொடங்குகிறேன். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து, போன வருடப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மோசமாகியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. இன்றைய படம் சரியில்லையென்றால் நாளை எடுத்துக்கொள்ளலாம். போன வருடத்துக் கண்ணை இனி யாராலும் படம் எடுக்க முடியாது.

அன்று வெளியே ஒரு பேருந்து ஓட்டுநர் காத்திருந்தார். கண்ணில் ஒரு தழும்பு. அது வளரவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவர் மறுநாள் வண்டியில் ஏறலாம்.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரு பழைய டிஸ்க்கில் இருந்தன. அது தள்ளாட ஆரம்பித்ததால், தங்கை அதே கம்பெனியின் அதே அளவு டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் பொருத்தி, எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்தாள். இனிப் பழையதைத் துடைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். அடுத்தவர் கண்களை அப்படியே குப்பையில் போட முடியாதல்லவா?

[விவரம் தெரிந்த வாசகர் இங்கே "வேறொரு பிரதி எங்கே?" என்று மேசையைத் தட்டுவார். தங்கையும் கேட்டிருந்தாள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மேலிடங்களைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம், எழுத மாட்டேன்.]

3 (முந்தைய வரைவில் 2)

அந்த இயந்திரம் டிஸ்க்குகளுக்குப் பெயர் வைக்கும் அழகைச் சொல்லியாக வேண்டும். முதலில் விழிப்பது எஸ்டிஏ, அடுத்து விழிப்பது எஸ்டிபி. அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி பெயர்சூட்டல். நேற்று யார் யாராக இருந்தார்கள் என்ற நினைப்பே அதற்குக் கிடையாது. மாறாத பெயர் ஒன்றும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆனால் அது எண்ணும் எழுத்துமாக நீண்டு கிடக்கும், வாயில் நுழையாது.

"அப்ப நீளப் பேரையே வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"செட்டிங்ஸ்ல எழுதுறப்ப நீளப் பேருதான் எழுதுவேன் அண்ணா. கையால அடிக்கிறப்ப சின்னப் பேரு. யாரு அவ்வளவையும் அடிச்சிட்டு இருக்கிறது?"

நியாயம்தான். என்னையும் வீட்டில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

4

பழைய டிஸ்க்தான் எஸ்டிஏ என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டுதான் அவள் 'எஸ்டிஏவைத் துடை' என்று கட்டளை அடித்தாள். பாதியில் அது நின்றுவிட்டது. பழைய டிஸ்க் சண்டித்தனம் செய்தது. அதில் இருந்த படங்கள் அந்தப் பாதியிலேயே போய்விட்டன. இனி எல்லாம் புதியதில் மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருமுறை அடித்த கட்டளையை மறுபடி அடிக்க மாட்டார்கள். மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி தானாக வந்து நிற்கும். தட்டினாள், வந்தது. என்டரை அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் உறைத்தது. நோயாளியான பழைய டிஸ்க் இந்த முறை தாமதமாக விழித்திருந்தால்? புதியது முந்திக்கொண்டு எஸ்டிஏ ஆகியிருந்தால்?

ஆகியிருந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள் என்று

(இல்லை. இதை அவள் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். "திரையைப் பார்க்க பயமா இருந்துச்சு" என்று மட்டும்தான் சொன்னாள்.)

5

எனக்குள் இருக்கும் எழுத்தாளன் பொல்லாதவன். முதல் வரைவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். ஓட்டுநர் வேலை இழந்தார், தங்கை ராஜினாமா செய்தாள், வெளியே மழைகூடப் பெய்தது. அவளுக்கு அனுப்பினேன்.

"ரெண்டாவது பகுதியைத் தூக்கிடு. நான் அவ்வளவெல்லாம் அழல" என்றாள்.

அதற்குள் நான் பகுதிகளை மாற்றிப் போட்டிருந்தேன்; அவள் சொன்ன இரண்டாவது இப்போது மூன்றாவது. இரண்டாவதைத் தூக்கினேன், டாக்டரும் ஓட்டுநரும் போய்விட்டார்கள். செய்ததை ரத்து செய்யும் அன்டூ என்ற புண்ணியவான் இருந்ததால் இருவரும் திரும்பி வந்தார்கள். அவளுக்கு அது கிடையாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் சொன்ன பகுதியில் அவள் அழுகையை மட்டும் எடுத்தேன்; மழையையும் ராஜினாமாவையும் நானே கிழித்துப் போட்டேன்.

6

நடந்தது இதுதான். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. இந்த டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, இங்கே செய்ய மாட்டேன் என்று இயந்திரம் மறுத்திருந்தது. எத்தனையாவதாக விழித்தாலும் சரி, படங்கள் உள்ள டிஸ்க்கை அதன் நீளப் பெயரைப் பார்த்து இணைத்துக்கொள் என்று செட்டிங்ஸில் அவளே எழுதி வைத்திருந்தாள். இயந்திரமும் எழுந்ததும் அப்படியே இணைத்துக்கொண்டிருந்தது. இணைந்திருப்பதை அது துடைக்காது.

கதவைத் திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, டிரைவரோட போன வருஷப் படம் வரமாட்டேங்குது?"

"ரீஸ்டார்ட் பண்ணேன் டாக்டர். இப்ப வரும் பாருங்க."

வந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு, இம்மிகூட வளரல" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தங்கை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு போன் செய்தாள்.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"டாக்டர் நீ எழுதுறதையெல்லாம் படிப்பாங்க. நான் சொல்லாம இதை அவங்க படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான் போய்ச் சொல்ற வரைக்கும் இது வெளிய வரவே கூடாது. சொல்ல தைரியம் வரலேன்னா, வராமலே போகட்டும்."

ஆகவே இந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கிறது என்றால், அவள் போய்ச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் என்ன சொன்னார்? நானும் கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லிவிட்டாள். அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டினார் என்றாலும் சரி, சிரித்தார் என்றாலும் சரி. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: அதை என்னிடம் சொன்னபோது அவள் வாய் நிறையச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள்.