வீட்டில் யாராவது ஒருவர்

எங்கள் வீட்டுக் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டி ஆறு வருஷமாகிறது. பூட்டு இருக்கிறது. எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, சாவியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதைத் தொடத்தான் எங்கள் இருவருக்கும் தைரியமில்லை.

காரணம் இரண்டாம் மாடி தாஸ்பாபு. ஆறு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மூன்று நாள் திகா கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் போட்டிருந்த பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்கியது. கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர்களின் ஆட்கள், "வீடு சும்மா கிடந்தது, பாதுகாப்புக்காகப் போட்டோம்" என்றார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. தாஸ்பாபு பாராசாத்தில் மகள் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போனால் நான் வீட்டில். நான் டாக்டரிடம் போனால் அவர் வீட்டில். துர்கா பூஜைக்குப் பந்தல் பார்க்க அஷ்டமியன்று அவர், நவமியன்று நான். கல்யாணமோ சாவோ, எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள்தான். ஏழுமலைக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று லேக் மார்க்கெட் தமிழர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. வாயிருக்கிறது, பேசட்டும்.

கல்கத்தா பௌபஜாரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கட்டடம். என் வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபோது மூன்றாம் மாடியில் இந்த இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். அப்போது பத்துக் குடும்பம். இப்போது நாங்கள் மட்டும். கீழே அச்சகம் இருந்த இடத்தில் ஒரு காபிக் கடை. நடுமுற்றத்தில் சாமான் கழுவுவோம், துணி காயப்போடுவோம். அங்கே இப்போது மேஜை நாற்காலி, தொட்டிச்செடி. காரை பெயர்ந்த சுவரை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், பழமை தெரிய வேண்டுமாம். எங்கள் அறையில் காரை பெயர்ந்தபோது கட்டடத்தின் பழைய சொந்தக்காரரிடம் நடையாய் நடந்தோம், ஒரு கரண்டி சிமெண்ட் வரவில்லை. அன்றைக்கே வார்னிஷ் வாங்கி அடித்திருக்கலாம், எங்களுக்கு அந்த மூளை இல்லை.

பச்சை ஜன்னல் பலகையைத் திறந்தால் கீழேயிருந்து நாலைந்து போன்கள் என்னைப் பார்த்து நிமிரும். நைட்டியில் நிற்கும் கிழவி அவர்களுக்கு அழகாகத் தெரிகிறாள் போலிருக்கிறது. மூடினால் புழுக்கம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே என் பகல் போகிறது.

காபிக் கடையையும் கட்டடத்தையும் கவனித்துக்கொள்பவன் மாதவ். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். என்னை மாஷிமா என்றுதான் கூப்பிடுவான். சித்தி மாதிரி. வடை சுட்டால் வாசனை பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவான். நாங்கள் காலிசெய்தால் தருவதாக, ராஜார்ஹாட்டில் எழும்பப்போகும் ஃப்ளாட்டின் படம் எப்போதும் கையில் இருக்கும். "அங்கே லிஃப்ட் இருக்கு மாஷிமா" என்பான். கட்டடம் எங்கேப்பா என்றால், "வரும்" என்பான். அந்தப் படத்தை நம்பிப் போன இரண்டு குடும்பம் நாலு வருஷமாக அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவன் முதல் நாள் கேட்ட கேள்வி, "தேஷ் கொத்தாய், மாஷிமா?"

தேஷ் எங்கே என்று கல்கத்தாவில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்விதான். தேஷ் என்றால் நாடு. ஆனால் பெங்காலிகள் சொந்த ஊரையும் தேஷ் என்றுதான் சொல்வார்கள். அங்கே இருக்கும் வீடு தேஷேர் பாரி. தாஸ்பாபுவுக்கு தேஷ் பங்களாதேஷில் இருக்கும் பரிஷால். பிறந்ததிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, ஆனாலும் தேஷ் பரிஷால்தான். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். யார் கேட்டாலும், தேஷ் போளூர், திருவண்ணாமலைப் பக்கம் என்போம். வேலூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனால்கூட அக்கம்பக்கத்தில் "தேஷுக்குப் போறோம்" என்றுதான் சொல்வோம். போளூரில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. தேரடித் தெருவில் இருந்த வீட்டை மாமனாரே விற்றுவிட்டார். இப்போது அங்கே செல்போன் கடை.

போன தை மாதம் எங்கள் ஒரே பெண் மிருதுளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் வருண்தான் பையன். அவன் வீட்டார் வேலூரில். கல்யாணமும் அங்கேதான். வைகாசி முகூர்த்தம் முடிந்த கையோடு இருவரும் ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணத்தில் தாரை வார்க்க வேண்டுமே. அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அப்பா கை வழியாக அது பெண் கைக்கும் மாப்பிள்ளை கைக்கும் போக வேண்டும். பந்தல் பார்க்கிற மாதிரி முறை போட்டுச் செய்கிற காரியமில்லை அது.

"வீட்டை விட்டுத் தொலைங்களேம்மா" என்றாள் மிருதுளா. "ரெண்டு ரூமுக்காக ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கீங்க."

"விட்டுட்டு எங்கடி போறது? ஜெர்மனிக்கா?" என்று கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன். அவளும் அழுதாள்.

வழி சொன்னவர் இஸ்மாயில் பாய். என் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், கீழக்கரைக்காரர். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நானும் எம் பொஞ்சாதியும் அஞ்சு நாள் இங்கன வந்து உக்காந்துக்கிடுறோம். எந்தப் பய பூட்டுப் போடுறான்னு பாப்போம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்று பாயசம் வைத்தேன்.

பத்திரிகை அடிக்கும்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். இவர் எழுதியதில், "கல்கத்தா ஏழுமலை – சகுந்தலா" என்று இருந்தது. கீழே இந்தச் சந்தின் விலாசம்.

"இன்னாத்துக்கு இந்தச் சந்தைப் போடறீங்க? நமக்குன்னு ஒரு ஊரு இல்லியா? சம்பந்தி வீட்டுல ஊருபேரு இல்லாதவங்கன்னு நெனைக்கமாட்டாங்களா?" என்றேன்.

"அங்க வீடு எங்கடி இருக்குது?"

"இருந்துச்சில்ல? அது போதும். போடுங்க."

போட்டார். "போளூர் ஏழுமலை – சகுந்தலா. இல்லம்: தேரடித் தெரு, போளூர்." எதிர்ப்பக்கம் இங்கிலீஷிலும் அதே. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தேன். கட்டடத்திலேயே இருக்கிறான், வாய் நிறைய மாஷிமா என்கிறான், விட்டால் நன்றாயிருக்காது என்று மாதவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூடவே பத்திரிகையின் ஜெராக்ஸ். நான் தடவிய மஞ்சள் நாலு மூலையிலும் கறுப்பாக விழுந்திருந்தது.

எங்களைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டடத்துக்காரர்கள் போட்டிருக்கும் கேஸைப் பார்க்கும் எங்கள் வக்கீல் கவிதா, அலிப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நோட்டீஸைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாஷி, இவங்க என்ன சொல்றாங்கன்னா, உங்களுக்கு போளூர்ல பர்மனென்ட் வீடு இருக்கு, குடும்பம் அங்கதான், இங்க சும்மா வந்துபோறீங்கன்னு. நீங்களே அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. கோர்ட்ல கேட்டு ஒரு கமிஷனர் வாங்கிட்டாங்க. அவர் நேர்ல வந்து யார் இருக்காங்கன்னு பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்."

"வரட்டும். எப்போ?"

அவள் சொன்ன தேதியைக் கேட்டு இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்த நாள்.

தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தாள். கல்யாணம் தேஷில்தானே நடக்கிறது, அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று எதிர்த்தரப்பு சிரித்ததாம். தேதி மாறவில்லை.

"இஸ்மாயில் பாய் இருப்பாரும்மா" என்றேன்.

"ஐயோ, அது மட்டும் வேணாம். வேற ஆள் உள்ள இருந்தா உள்வாடகைக்கு விட்டுட்டீங்கன்னு எழுதிடுவாங்க. வாடகை ரசீது மேஷோ பேர்ல இருக்கு. மேஷோ இருக்கணும்" என்று இவரைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சண்டை போட்டோம். வீடு போனால் போகட்டும் என்று ஒரு நாள் நான் சொன்னேன். மறுநாள் அவர் சொன்னார். ஆனால் ஒரே நாளில் இருவரும் சேர்ந்து சொல்ல எங்களால் முடியவில்லை. கடைசியில் அவர், "நீ போ. பொண்ணுக்கு அம்மா வேணும். நான் வீட்டுல இருக்கிறேன்" என்றார். மார்க்கெட்டுக்கு அனுப்புகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பத்திரிகையை அப்படிப் போடச் சொன்ன என் வாயில் கொள்ளியை வைக்க வேண்டும் போலிருந்தது.

வேலூர் மண்டபத்தில் எல்லாரும் கேட்டார்கள், அப்பா எங்கே, அப்பா எங்கே என்று. உடம்பு சரியில்லை என்றேன். தாரை வார்க்கும் நேரம் வந்ததும் ஐயர், "தம்பதியா வாங்கோ" என்றார். நான் செம்பை எடுக்கப் போனேன். சம்பந்தியம்மாள் என் கையை மெதுவாகப் பிடித்தாள். ஒற்றை ஆளாகச் செய்யக்கூடாதாம். என் கொழுந்தன் செந்தில்நாதனும் அவர் மனைவி லதாவும் மணையேறினார்கள். லதா தண்ணீர் ஊற்றினாள். நான் பெற்ற பெண்ணின் கையில் அந்தத் தண்ணீர் விழுவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன்.

பார்த்தேன் என்றால், போன் வழியாகப் பார்த்தேன். வீடியோவில் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் அவர் இருந்தார். பட்டு வேட்டி, சட்டை, நெற்றியில் சந்தனம், எங்கள் அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாம்பாளம், ஒரு செம்பு.

தாலி எடுத்து வருணின் கையில் கொடுத்தார்கள். அப்போது போனுக்குள் கதவு தட்டும் சத்தம். அவர் எழுந்து போனார். திரையில் வெறும் சுவர். ஒரு குரல் பெங்காலியில், மரியாதையாகவே கேட்டது, "ஆர் ஷொபாய் கொத்தாய்?" மற்றவர்களெல்லாம் எங்கே?

நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

என் வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். மகளுக்குத் தாலி ஏறும் நேரத்தில் ஒரு மனிதனுக்கு இருக்கும் சந்தோஷம் அத்தனையும் குரலில் இருந்தது. நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தயாராக இருந்த வார்த்தை. "ஷொபாய் தேஷேர் பாரி கேச்சே." எல்லாரும் ஊர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"கல்யாணத்துக்குன்னு சொல்லுங்க! வேலூருன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். அந்த நிமிஷம் கெட்டிமேளம் முழங்கியது. அபசகுனமாக ஒரு சொல்லும் காதில் விழக்கூடாதென்றுதான் அதைக் கொட்டுகிறார்கள். எனக்கு விழ வேண்டியது முன்பே விழுந்துவிட்டது. நான் கத்தியதுதான் யார் காதிலும் விழவில்லை. என்மேலும் அட்சதை விழுந்தது.

நான்காம் நாள் ஹவுராவில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது வக்கீல் கவிதாவிடமிருந்து போன். கமிஷனரின் ரிப்போர்ட் வந்துவிட்டதாம். குடும்பம் சொந்த ஊர் வீட்டில் வசிப்பதாக வாடகைதாரரே வாய்மொழியாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறதாம். "பேசிப் பார்ப்போம் மாஷி" என்றாள். அவள் குரலிலேயே தெரிந்தது. மேஷோவுக்கு நீ போன் செய்யாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

முற்றத்தில் மாதவ் எதிரே வந்தான். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. "தேஷிலிருந்து எப்போ வந்தீங்க மாஷிமா?"

"எனக்கு தேஷ் கிடையாதுப்பா" என்று பெங்காலியில் சொன்னேன். "இதுதான். இந்தப் படிக்கட்டு, இந்தச் சுவர். வார்னிஷ் நீ அடிச்சது." காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கினாள். நான் பெட்டியை வாங்காமல் படியேறினேன்.

அவர் கதவைத் திறந்தார். முகமெல்லாம் பல். "வந்தாரு சகு, அந்தக் கமிஷனரு. நல்ல மனுசன். என்னை வேட்டியில பார்த்துட்டு வாழ்த்தெல்லாம் சொன்னாரு. பத்தே நிமிசம். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பிட்டேன். நான் இருக்கப் போயி வீடு தப்பிச்சுது, பார்த்துக்க."

நான் துணிப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

தாம்பாளமும் செம்பும் வைத்த இடத்திலேயே இருந்தன. செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. "ஊத்தலையா?" என்றேன்.

"நீ இல்லாம நானே எப்படி ஊத்திக்கிறது?"

அவர் கையை நீட்டினார். நான் செம்பை எடுத்து ஊற்றினேன். அவர் உள்ளங்கையில் விழுந்து, கீழே ஏந்த எந்தக் கையும் இல்லாமல், தாம்பாளத்தில் தெறித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கொடுத்து வாங்கிய சந்தோஷம் அது. நான் எப்படிச் சொல்வேன்?

அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன். துணிக்குள் பூட்டு இருந்தது.

"இன்னிக்கு மார்க்கெட்டுக்கு ரெண்டு பேருமா போலாமா?" என்றேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "அப்ப வீட்டுல யாரு இருக்கிறது?"