பத்தொன்பதாம் நம்பர்

பஸ்ஸை விட்டு இறங்கிய என்னை அம்மா வீட்டுக்குக்கூட விடவில்லை. தோளில் பையோடு நேராகக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் அடுக்க எங்கள் கம்பெனியின் மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். பக்கெட்டும் கையும் இருந்தால் அம்மாவுக்கு எல்லாமே ஜேசிபிதான். ஆனால் என் யூனிபார்ம் சட்டையில் இருக்கும் அதே எழுத்து இதன் மேலும் இருப்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அது போதாதா? செசிலியின் மகள் பிரீனா சோதித்து விட்ட வண்டி என்று மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அம்மாவுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் பிலோமி மாமிதான் பிடித்துக்கொண்டாள். "பிள்ள வரட்டு. அவ வாயால சொல்லட்டு. இல்லேன்னா நீ இனி வாயத் தொறக்கப்பிடாது, செசிலி."

ஆக, பஞ்சாயத்து என்னைக் காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஐயப்பன் அண்ணன் சிரித்துக்கொண்டே மெஷினின் நீண்ட கையைத் தாழ்த்தினார். அதன் அடியில், வெல்டிங் முடியும் இடத்தில், அதைச் சோதித்தவர் தன் நம்பரைக் குத்துவது எங்கள் வழக்கம். என்னுடையது இருபத்துமூன்று. ஒவ்வொரு முறை குத்தும்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும், ஒளிப்பானேன். எங்கள் ஷெட்டில் ஆறு பேர் குத்துகிறோம். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

தோளில் கிடந்த துண்டால் அவளே சேற்றைத் துடைத்தாள். குனிந்து பார்த்தேன். பத்தொன்பது. எங்கள் ஷெட் அபிதாவின் நம்பர்.

தலையாட்டினால் போதும். என் நம்பர் எதுவென்று இந்தக் கரையில் ஒருத்தருக்கும் தெரியாது. வெயிலில் மீன் விற்றுப் படிக்கவைத்தவளுக்கு ஒரு தலையாட்டலுக்கா கஞ்சத்தனம்? ஆனால் விரல் அந்த வெல்டிங்கின் மேல் தானாகவே ஓடியது. எங்கும் ஒரு பிசிறு இல்லை. அபிதா சோற்றைக்கூட மறந்துவிட்டு டார்ச்சோடு குனிந்து கிடப்பவள். அவள் வேலையை நான் என் பேரில் போட்டுக்கொள்வதா? ச்சீ.

"எனக்கதில்லம்மா. கூட வேல பாக்குத அபிதாக்க நம்பர்."

பிலோமி மாமி கைகொட்டிச் சிரித்தாள். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மா திரும்பினாள்.

"என்னட்டி இளிக்கிய? பெத்த தாய்க்காவ ஒரு பொய்யி சொல்லுதாளா பாரு. இவ ஓகே போட்டா எந்த வண்டியிலயும் கண்ண மூடிட்டு ஏறலாம், கேட்டியா!"

கம்பெனியில் எனக்குக் கைதட்டியிருக்கிறார்கள், கேடயமெல்லாம் தந்திருக்கிறார்கள். அம்மாவின் இந்த ஒரு சத்தத்துக்கு எதுவும் ஈடாகாது. 

"அந்தப் பிள்ளைக்கு அம்மை உண்டா மக்கா?"

"உண்டு. கீரிப்பாறையில. ரப்பர் பால் வெட்டப் போறாவ."

"போனப் போடு. மவளுக்க வண்டி இஞ்ச நிக்குதது அவளுக்கும் தெரியண்டாமா?"

அபிதாவின் அம்மாவை வீடியோ காலில் அழைத்துக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐயப்பன் அண்ணனுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை, மெஷினைக் கிளப்பினார். கை மெல்ல மேலே ஏற ஏற, துடைத்த இடத்து நம்பரைக் கேமராவிலிருந்து விட்டுவிடாமல், அம்மா போனை உயர்த்திப் பிடித்தபடி மணலில் நுனிக்காலில் நின்றாள்.