மூக்கியும் கெமோமில் டீயும்

என் தங்கைக்கு வீட்டில் மூக்கி என்று பெயர். மூக்கு பெரிதாக இருந்ததால் வைத்த பெயர் இல்லை. மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருப்பாள். ஐந்து வயதில் கண்ணைக் கட்டிக்கொண்டு, கொடியில் காய்ந்த சட்டைகளை மோந்து பார்த்தே இது அப்பாவுடையது, இது சித்தப்பாவுடையது என்று பிரித்து எடுத்தாள். அத்தனையும் துவைத்த சட்டைகள். பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அவளைவிட ஏழு வயது மூத்த நானும் வைத்தேன். எதையும் லேசில் நம்பாத ஆள் நான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு மூக்கேதான் பிழைப்பு. சோப்பு ஆலையில் வாசனை பார்க்கிற வேலை. ஒல்லியான காகிதப் பட்டைகளை எண்ணெயில் நனைத்து நீட்டுவார்களாம். இவள் கண்ணை மூடிக்கொண்டு, என்ன வாசனை, எது கூட, எது குறைச்சல் என்று சொல்ல வேண்டும். அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. பட்டை மூக்கருகே வந்ததும் வாயில் வருகிற முதல் வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதைத் திருத்தக் கூடாது.

“ஏண்டி, கொஞ்சம் யோசிச்சுச் சொன்னா என்ன?” என்று கேட்டிருக்கிறேன்.

“மூளை வந்து சேர்றதுக்குள்ள சொல்லிடணும்க்கா. அது வந்துச்சுன்னா பொய் சொல்லும்.”

பன்னிரண்டு வருடம் அப்படியே சொன்னாள். ஒருமுறை ஆயிரக்கணக்கான கட்டிகள் வார்க்க வேண்டிய கலவையில் ஏதோ ஒன்று ஒரு சொட்டு கூடிவிட்டது என்று நிறுத்தினாள். அளந்து பார்த்தார்கள், கூடித்தான் இருந்தது. என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிற எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரண சளிக் காய்ச்சல். ஐந்து நாளில் அது போய்விட்டது, போகும்போது அவள் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தனியாக இருந்தவள், பாத்திரம் அடுப்பில் கருகுவது தெரியாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டி என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

வந்த முதல் வாரத்தில், நான் எதிரே உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, நீ பேசுறது கேக்குது. உன்ன நல்லாப் பாக்குறேன். ஆனா நீ இன்னும் வராத மாதிரியே இருக்கு.”

“குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். இதுக்கு மேல எப்படி வரணும்?” என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, ஊசி கையில் குத்திவிட்டது. மனிதர்களை வாசனையால் அறிகிறவளுக்கு வாசனை இல்லாத மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர், தினமும் காலையும் மாலையும் அதே நான்கு பொருள்களை மோந்து பார்க்கச் சொன்னார். நாளாகலாம், வராமலும் போகலாம் என்றார். சில பேருக்கு இல்லாத வாசனை இருப்பதாகத் தோன்றும், அதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள் என்றும் சொல்லியனுப்பினார். காபித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல், சோப்பு என்று நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்தேன். மூன்றாவது மாதம் அவள் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சந்தேகம் என் கூடப் பிறந்தது. ஒருநாள் காபி டப்பாவில் சோப்பைப் போட்டு வைத்தேன். எடுத்து மோந்தாள்.

“காபி,” என்றாள்.

“டப்பாவப் பாத்துச் சொல்றியா? யார ஏமாத்துற?”

“என்னையேதான்,” என்றாள். சோப்பை எடுத்துவிட்டுக் காபித்தூளைத் திரும்பப் போட்டு வைத்தேன்.

ஆலையில் கொடுத்த விடுப்பு முடிகிற நாள் வந்தது. வருகிற திங்கட்கிழமை பத்துப் பட்டைகள் நீட்டுவார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அவளைப் பெட்டி அடுக்குகிற பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. நான்கு மாதம் பொறுத்ததே பெரிது. இவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நடமாடினாள்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு காகிதப் பையை எடுத்துக் கொடுத்தார். கெமோமில் டீ என்று எழுதியிருந்தது. எனக்கு அது ஏதோ நூல் மில்லின் பெயர் மாதிரித் தெரிந்தது.

“சாமந்தி ஜாதிதாங்க, குட்டிப் பூ. சாயங்காலத்துல குடிச்சா உடம்பு கொஞ்சம் தளரும். மூக்குக்கு ஒண்ணும் பண்ணாது, முன்னாடியே சொல்லிடுறேன்,” என்றார்.

டீ என்று எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, பொங்கப் பொங்கக் காய்ச்சினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என் தம்ளரைத் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் பாலை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். வாயெல்லாம் கசப்பு. மூக்கி இரண்டு நாளும் முழுத் தம்ளரையும் குடித்து வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

“சூடா இருக்கு.”

நான்கு மாதமாக எது கொடுத்தாலும் அவள் சொல்வது இரண்டே வார்த்தைதான்: சூடா இருக்கு, இல்லையென்றால் ஆறிப்போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்கடை அம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்தார்.

“காய்ச்சினீங்களா? அது பூவுங்க, பருப்பு இல்ல. தண்ணி கொதிச்சதும் இறக்கி வச்சிடுங்க. அதுல ரெண்டு ஸ்பூன் பூவப் போட்டு மூடிடுங்க. எட்டு நிமிஷம் தொடாதீங்க. மூடி முக்கியம். தொறந்து வச்சா உள்ள இருக்கறது ஓடிப் போயிடும்.”

“உள்ள அப்படி என்ன இருக்கு?”

“போட்டுத்தான் பாருங்களேன்.”

மாலை நான்கு மணிக்குப் போட்டேன். பால் வேண்டாம் என்றதால் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தேன். மூடிக்கு ஒரு தட்டு. காய்ந்த பூக்கள் குழந்தைச் சட்டைக்குத் தைக்கிற பித்தான் அளவுதான் இருந்தன, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தன. தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எப்போதோ செத்துக் காய்ந்து, பையில் அடைபட்டு, எங்கெங்கோ பயணப்பட்டு வந்த பூ என் சமையல்மேடையில் இதழ் விரித்தது. நடுவில் இருந்த மஞ்சள் குமிழ் உப்பி எழுந்தது. தண்ணீரில் மெல்ல மஞ்சள் இறங்கியது. இரண்டு நாளாக இதையா கண்ணால்கூடப் பாராமல் கொதிக்கவிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. எட்டு நிமிடமும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். அடுப்படியில் நான் அவ்வளவு நேரம் வாய் மூடி நின்றதாக எனக்கு நினைவில்லை.

முன்னறையில் மூக்கி சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. நான் அவள் தலைமாட்டில் கிண்ணத்தை வைத்து, எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே தட்டை எடுத்தேன். ஆவி எழுந்தது.

“ஆப்பிள்,” என்றாள் மூக்கி.

வீட்டில் ஆப்பிள் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்ன இல்லாத வாசனை வந்துவிட்டது, நாளைக்குப் போய் இப்படி எதையாவது உளறப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“ஆப்பிளும் இல்ல, கீப்பிளும் இல்ல. இது அந்த மருந்துக்கடை டீ. பூ. எழுந்து குடி.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பவும் இல்லை. “ஆப்பிள்தான்க்கா. நறுக்கி வச்சுக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்துல எங்கயோ காஞ்ச புல்லு,” என்றாள்.

“நேத்தும் முந்தாநேத்தும் குடிச்சதுதாண்டி இது,” என்று அதட்டிக்கொண்டே, அவளுக்குக் காட்டுவதற்காகக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடிக்கப் போனேன். உதடு படுவதற்கு முன் நின்றுவிட்டேன்.

ஆப்பிள். நறுக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன ஆப்பிள்.

தட்டால் மூடினேன். இருபது வரை எண்ணினேன். திறந்தேன். இருந்தது. ஒரு பழத்தைக்கூடப் பார்த்திராத கிண்ணத்திலிருந்து, ஒரு சின்னப் பூவின் உள்ளேயிருந்து, அவ்வளவு தெளிவாக ஆப்பிள் வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் வெயிலில் காய்ந்த புல்லும் இருந்தது, அவள் சொன்ன அதே இடத்தில். நாற்பத்தாறு வருடம் குறையில்லாத மூக்கோடு வாழ்ந்தவள் நான். இரண்டு நாள் அந்தப் பூவை வைத்துக் காய்ச்சியவள். எனக்குத் தெரியவில்லை. மூக்கே இல்லாதவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டப்பாவைப் பார்த்துச் சொல்கிறவளாக இருந்தால் பூ என்று சொல்லியிருப்பாள். கெமோமில் என்று சொல்லியிருப்பாள். ஆப்பிள் என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சொன்ன தப்பான பதில்தான் அவள் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. ஒரு கையில் கிண்ணம் இருந்ததால் மற்ற கையின் விரலை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

“இருக்குடி,” என்றேன். “ஆப்பிள் இருக்கு. எனக்கும் வருது.”

அவள் அப்போதுதான் திரும்பினாள். அழவில்லை. கிண்ணத்தை வாங்கி முகத்தை உள்ளே கொண்டுபோனாள். பிறகு எழுந்து வீடு முழுவதும் ஓடினாள். காபியை மோந்தாள், சோப்பை மோந்தாள், தலையணை, செருப்பு, தன் உள்ளங்கை, எல்லாவற்றையும் மோந்தாள். எதிலும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து என் தோளிலும் முகத்தை வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒண்ணே ஒண்ணுதான்க்கா,” என்றாள். ஆறிப்போகும்வரை அந்தக் கிண்ணத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

திங்கட்கிழமை அவளை அனுப்பிவிட்டுத் தையல் மெஷின்முன் உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மாலையில் போன் வந்தது. பத்தில் இரண்டு. இரண்டையும் பட்டை நீட்டிய உடனே சொல்லியிருக்கிறாள்; மற்ற எட்டுக்கும் தெரியவில்லை என்றே சொல்லியிருக்கிறாள். எட்டு முறை தெரியவில்லை என்று சொன்னதால்தான் அந்த இரண்டையும் நம்புகிறேன் என்றாராம் மேலாளர். பெட்டி அடுக்கப் போக வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு தினமும் நான்கு மணிக்குக் கெமோமில் போட்டேன். அவள் வேலையிலிருந்து வருகிறவரை தட்டால் மூடியே வைத்திருப்பேன். ஐந்தாவது வாரம், ஒரு நாள், அவசரமாக ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் மெஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தேன். அது போடுகிற சத்தத்தில் கதவு திறந்தது கேட்கவில்லை. யாரோ பின்னால் நிற்பது மாதிரி இருந்தது, திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு மூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

“மெஷின் எண்ணெய்,” என்றாள். “புதுத் துணி. கோடு போடுற சீமைச்சுண்ணாம்பு.” கண்ணைத் திறந்தாள். “அக்கா. வந்துட்டியா?”

வெளியிலிருந்து வந்தவள் அவள். காலையிலிருந்து இடத்தைவிட்டு அசையாதவள் நான்.

“வந்துட்டேன்டி,” என்றேன்.