தின்னாத கன்று

1

இந்தக் கதையை ஓர் ஆய்வறிக்கையிலிருந்து எடுத்தேன். அந்த அறிக்கையை எழுதியவனும் நான்தான். 1988 பிப்ரவரி, பதினோரு பக்கம், தட்டச்சு. அதன் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. தங்கள் முதல் கதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்று எழுத்தாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் முதல் கதை அந்த ஒன்பதாம் பக்கம்.

பத்து வருடம் ஆகிவிட்டது. நான்கு முறை தொடங்கிக் கிழித்தாயிற்று. ஒரு தொடக்கம் இப்படி இருந்தது:

பாரிவாக்கம் ஏரிக்கரையில் பனி விலகாத காலையில் ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்

சீ! எந்தக் கன்று துள்ளியது? நான் பார்த்தபோதெல்லாம் அது வேப்பமரத்தில் கட்டித்தான் கிடந்தது.

2

சரி, நடந்ததைச் சொல்லித் தொலைக்கிறேன். என் பெயர் கஜபதி. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு தீவன ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளனாக இருந்தேன். (நிலையத்தின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையதல்ல.)

பாரிவாக்கத்தில் ஒரே தெருவில், சினை ஊசி போட்டுப் பிறந்த ஜெர்சி கலப்புக் கன்றுகள் ஆறு இருந்தன. ஆறும் கிடேரி. மூன்றுக்கு எங்கள் புதுத் தீவனம், மற்ற மூன்றுக்கு வழக்கம்போல வைக்கோலும் கழுநீரும். வாரம் ஒருமுறை நான் சைக்கிளில் போய் நாடாவால் மார்புச் சுற்றளவு எடுப்பேன். நான்கு மாதத்தில் எந்தக் கட்சி அதிகம் வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அந்தத் தெருவில் சாராள் என்பவளின் கன்று தின்னும் கட்சி. எதிர்வீட்டு முனியம்மாவின் கன்று தின்னாத கட்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டது நான். முனியம்மா அம்பத்தூர்ப் பக்கம் கட்டட வேலையில் சித்தாள்.

"இது கறவைக்கு வந்துட்சின்னா நான் சட்டி தூக்கறத உட்டுர்வேன் சார்" என்று வாராவாரம் சொல்வாள். நான் கன்றுக்கு நாடா போடும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

3

(எனக்கு எழுதப் பிடிக்காத பகுதி. நீங்கள் தாண்டிப் போகலாம். எனக்குத்தான் முடியாது.)

நவம்பர் மழையில் கிடங்கு ஒழுகியது. எங்கள் தீவனத்தில் சேரும் கடலைப் புண்ணாக்கு மூட்டைகளில் அடிவரிசை நனைந்து போயிற்று. பிரித்தால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. அந்தப் பூஞ்சையின் விஷம் ஈரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் போகாது. இதைப் பரீட்சையில் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். முடிவு வர மூன்று வாரம் ஆகும். அதுவரை தீவனத்தை நிறுத்தினால் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினேன். அரைத்துக் கலந்து அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் கஜபதி என்கிற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு தெரிந்தவன் இப்படிச் செய்வானா? மேலதிகாரி மிரட்டினார் என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். அவர் மிரட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

தின்ற மூன்றில் இரண்டு கன்றுகள் கண் மஞ்சளாகிச் செத்தன. பிழைத்தது சாராளுடையது. தின்னாத மூன்றில் ஒன்று, அதே மஞ்சள் கண்ணோடு செத்தது. அது முனியம்மாவுடையது.

4

முனியம்மாவின் கன்று செத்த மறுநாள் போனபோது சாராள் என்னை வேலியோரம் கூப்பிட்டாள்.

"சார், தப்பா எட்த்துக்காதீங்க. நீங்க குடுத்த தீவனத்துல பாதிய முனிமா கன்னுக்குத்தான் போட்டுகினு இருந்தேன்."

"ஏம்மா, வேறு கன்றுக்குப் போடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே!"

"எதிர்க்க நின்னு பாத்துக்கினே கீது சார். அத்த பாக்க உட்டுட்டு நம்புளுதுக்கு மட்டும் போட்டா கண்ணு பட்டுடாதா? மொத பிடி அதுக்கு, அப்பால எங்களுதுக்கு. எங்க தெருல அப்டித்தான்."*

பிறகு கேட்டாள்: "அதுல ஒண்ணும் இல்லியே சார்?"

"ஒன்றுமில்லம்மா."

நிலையத்துக்குத் திரும்பி ஒன்பதாம் பக்கத்தை எழுதினேன்: தீவனம் உட்கொள்ளாத கன்றும் அதே அறிகுறிகளுடன் இறந்திருப்பதால், இறப்புக்குத் தீவனம் காரணமல்ல.

மீதி மூட்டைகள் அடுத்த ஆய்வுக்காக நெமிலிச்சேரிக் கன்றுகளுக்குப் போயின. அங்கே என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. [இதற்குப் பிறகு அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அத்தனையும் சாக்கு. எடுத்துவிட்டேன்.]

* ஒரு வாய் பார்த்திருக்க இன்னொரு வாய்க்குப் போடக்கூடாது என்று ஒரு தெருவே நினைக்கும் என்பது எங்கள் ஆய்வுத் திட்டத்தில் இல்லை. திட்டத்தை வரைந்ததும் நான்தான்.

5

போன மாதம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கன்னுக்கு நாடா போடுவியே, அந்த சார்தான நீ?"

முனியம்மா. ஒயர் கூடையில் சும்மாட்டுத் துணி. "இன்னும் சட்டிதான் தூக்கறேன் நைனா" என்று சிரித்தாள்.

"சாராள் எப்படி இருக்கிறாள்?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"அங்கதான் கீறா. அவ கையால ஒரு டம்ளர் தண்ணி எங்க தெருல யாரும் வாங்கறதில்ல. காயிதத்துல தீவனத்து மேல குத்தம் இல்லன்னு எழ்திட்டாங்க. அப்ப இவதான இன்னாவோ கலந்துட்டா? தீவனம் தின்ன மத்த கன்னெல்லாம் செத்துச்சு, அவ போட்ட என்னுதும் செத்துச்சு, அவுளுது மட்டும் நின்னுச்சு. அத்தயும் அப்பவே வித்துட்டா. இப்ப கழுநீரக்கூட எந்த மாட்டுக்கும் வெக்கறதில்ல, சாக்கடைல கொட்றா. மனசுல ஒண்ணும் இல்லாமயா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"நீ படிச்சவன், சொல்லு நைனா. அவ போட்டதுலதான என் கன்னு போச்சு?"

"ஆமாம்" என்றேன்.

விஞ்ஞானப்படி அந்தப் பதிலில் பிழை இல்லை. பாவி, மற்றதெல்லாம் பிழை.

"பத்து வருசமா அவ மூஞ்சில முழிக்கல. நான் செஞ்சது சரிதான்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

6

முடிவு அ: கஜபதி பாரிவாக்கம் போய் நடுத்தெருவில் உண்மையைச் சொல்கிறான். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதும்போது நானும் அழுதேன். பிறகுதான் பார்த்தேன், அதில் எல்லோரும் என்னைத்தான் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: போய்ப் பார்த்தால் சாராள் இறந்துவிட்டிருக்கிறாள். எனக்கு எவ்வளவு வசதி! ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள்.

முடிவு இ: பஸ் பாரிவாக்கத்தில் நிற்கிறது. நான் எழுந்து

மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்த வாக்கியம் வரை போனேன். டிக்கெட் பாரிவாக்கத்துக்குத்தான் எடுத்தேன். ஒருமுறையும் இறங்கவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, கெஞ்சுகிறேன். பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரம்தான். எதிரெதிரே இரண்டு வீடு, நடுவில் வேப்பமரம். முனியம்மா வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதலில் சாராள் வீட்டுக்குப் போங்கள். பத்து வருடத்துக்கு முன் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: அதில் இருந்ததம்மா, நீ போட்ட பிடியில் அல்ல, கஜபதி அனுப்பிய மூட்டையில். அந்தப் பெயரை விட்டுவிடாதீர்கள்.

வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று அவள் தண்ணீர் கொண்டுவருவாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் பார்க்க, வாங்கிக் குடியுங்கள்.