நாலு பேப்பரில் வந்த வாக்குமூலம்

கள்ளக்குறிச்சியில் அந்த வருஷம் நான்கு தினசரிகளுக்கு நான்கு நிருபர்கள் இருந்தார்கள். கோர்ட்டுக்குப் போனதோ எப்போதும் ஒருவர்தான். முறை வைத்துக்கொண்டார்கள். போனவர் கார்பன் வைத்து எழுதி மற்றவர்களுக்குப் பிரதி கொடுப்பார். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். சின்னராசுவுக்கு இந்த ஏற்பாடு என்றைக்குமே பிடித்ததில்லை.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சேலம் ரோட்டோரம் இன்னும் கிடந்தன. கைதானவர்களை வேன் வேனாகக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் களமருதூர் முனியனும் நின்றான். மறியல் வாரத்தில், அவன் கூலிவேலை செய்துவந்த பண்ணைக்காரர் அய்யனாரின் மாட்டுக் கொட்டகை எரிந்து, உழவு மாடுகள் கருகிப்போயின. கொளுத்தியது முனியன்தான் என்று போலீஸ் வழக்கு.

அன்றைக்குச் சின்னராசுவின் முறை. மாஜிஸ்திரேட் கேட்டபோது முனியன் கைகூப்பி, "நான் கொளுத்தலிங்க சாமி. ஸ்டேசன்ல அடிச்சி கைநாட்டு வாங்கினாங்க" என்று முதுகைத் திருப்பிக் காட்டினான். டாக்டரிடம் காட்டச் சொல்லி உத்தரவானது. சுவரோரம் நின்ற அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பிரதிகளைக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தன் பத்திரிகைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார் சின்னராசு.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ஒரே தலைப்பு. 'மாடுகளை எரித்தேன்: களமருதூர் முனியன் கோர்ட்டில் வாக்குமூலம்.' சின்னராசுவின் பேப்பரிலும்தான்.

டீக்கடையில் மூத்த நிருபர் ராசு வடையைப் பிய்த்துக்கொண்டே விளக்கம் சொன்னார். "இன்னா சின்னராசு, நீ எழுதிக் குடுத்தத எவன் படிப்பான்? ஸ்டேசன்ல கேட்டேன், ஒத்துக்கினான்னாங்க. எங்க மூணு பேரு காப்பியிலயும் மாத்திட்டேன். ஒங்க ஆபீசுக்கும் நான்தான் போன் போட்டுச் சொன்னேன். நீ மட்டும் தனியா மாட்டிக்கக் கூடாதில்ல?"

"போலீசுகிட்ட ஒத்துக்கினது சட்டத்துல செல்லாதுண்ணே. கோர்ட்ல அவன் இல்லன்னான். என் காதால கேட்டேன்."

"பேப்பர்ல செல்லுதில்ல?" ராசு சிரித்தார். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. சின்னராசு டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

முனியனுக்கு ஜாமீன் கிடைத்தது. ஊருக்குள் கால் வைத்தால் வெட்டுவோம் என்று களமருதூரிலிருந்து சேதியும் கூடவே வந்தது. நாலு பேப்பரும் பொய் சொல்லுமா என்று கேட்டார்களாம். முனியனின் வக்கீல் அந்தப் பேப்பர்களைக் கோர்ட்டில் நீட்டினார். நிருபர்களை வரவழைத்தார் மாஜிஸ்திரேட்.

"இங்கே நடக்காததை எழுதியது யார்?"

"அன்னிக்குச் சின்னராசு முறைங்கய்யா. அவரு குடுத்ததத்தான் நாங்க போட்டோம்" என்றார் ராசு, பசுவைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"நான் எழுதினது இது இல்லிங்கய்யா" என்றார் சின்னராசு. ஆனால் அவர் கையில் ஒரு பிரதிகூட இல்லை; அவருடைய பேப்பரும் அதே தலைப்போடு மேசைமேல் கிடந்தது. சொன்னது அவர் காதுக்கே சாக்காகக் கேட்டது.

"யார் எழுதியதாகவோ இருக்கட்டும். நான்கிலும் திருத்தம் வர வேண்டும். வராவிட்டால் கோர்ட் அவமதிப்பென்று ஹைகோர்ட்டுக்கு எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

திருத்தம் வந்தது. உள்பக்கத்தில், மூலவியாதி மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். தலைப்பில் கொட்டையாகப் போட்ட பெயர் இதில் இல்லை, 'சம்பந்தப்பட்டவர்' என்றிருந்தது. முனியன் என்று எழுதினால் மை தீர்ந்துவிடும் போல. இந்தத் தொழிலில் சோறு தின்கிறோமே என்று சின்னராசுவுக்குத் தன் மீதே காறித் துப்பத் தோன்றியது.

குஞ்சம்மாள் அந்தப் பேப்பர்களை எடுத்துக்கொண்டு களமருதூருக்குப் போனாள். முனியன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தான். சின்னராசுவும் கூட இருந்தார். சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள்.

"அய்யனாரு வூட்டாண்ட குடுத்தேங்க. படிச்சிப் பாத்துட்டு, இதுல ஒம் புருசன் பேரு எங்கடி இருக்குதுன்னு கேக்கறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க காட்டுங்க, எங்க இருக்குது?"

அவள் பேப்பரை நீட்டிக்கொண்டு நின்றாள். சின்னராசுவால் அதைக் கையில் வாங்க முடியவில்லை.

"இல்லம்மா" என்றார்.

அவள் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருவரும் மலையடிவாரம் போகும் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் முனியன் உட்கார, சின்னராசு வெளியே நின்றார்.

"எந்தூருப்பா? பேரு இன்னா?" என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். அவர் மடியில் ஒரு பேப்பர் இருந்தது.

முனியன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

"மாரிங்க" என்றான் அவன். "ஊரு திருநாவலூர் பக்கம்."