மேசைமேல் வைத்த கொடுவாள்

சுகர் லேண்டில் கரும்பு விளைவதில்லை. ஒரு காலத்தில் விளைந்தது, ஆலையும் இருந்தது. இப்போது பெயர் மட்டும் மிச்சம். பொங்கலுக்குக் கரும்பு வேண்டுமென்றால் ஹூஸ்டனின் மறுகோடியில் இருக்கும் மெக்சிகோக்காரர்களின் காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டிய கழிகள் காருக்குள் அடங்காது, பிக்கப் டிரக் வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் அப்படியொரு வண்டி வைத்திருந்தவர் சேனாபதி ஒருவர்தான். அதனால் வருடா வருடம் கரும்பு அவர் பொறுப்பு.

சேனாபதி கோபிசெட்டிபாளையத்துக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்கிடும் இன்ஜினியர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். பிறகு அது பலவாகப் பெருகி, கராஜில் ஓர் இரும்பு அலமாரி நிறைய ஆனது. டெக்சஸில் இருபத்தொரு வயது நிரம்பிய பெரும்பாலானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். அப்படியிருந்தும் அவர் வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, உரிமம் வாங்கி வைத்திருந்தார். சட்டம் தெரியாதவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த வருடம் கரும்பு ஏற்ற அவருடன் போனவன் ரஞ்சித்குமார். ஈரோட்டுப் பையன், சாப்ட்வேர் வேலை. பிரீத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தபோது முதல் மாதம் தங்கியதே சேனாபதி வீட்டில்தான். சேனாபதியின் மனைவி வசந்தாமணி பிரீத்திக்குச் சமையலோடு டிரைவிங்கும் சொல்லிக்கொடுத்தாள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருடக் காத்திருப்புக்குப் பின் கிரீன் கார்டு வரிசை அந்தத் தை மாதத்தில்தான் ரஞ்சித்தின் பெயரை நெருங்கியிருந்தது.

பொங்கல் விழாவுக்குச் சங்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் சேனாபதி இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்தார். அவர் அதைக் காலி செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அடியில் இருக்கும், குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றுவார். பிறகு மேல் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலுக்குள் ஏறியிருந்த ஒற்றைக் குண்டை வெளியே விழ வைப்பார். கடைசியில் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் ஒரு குண்டு வெளியே விழும், ஆனால் மேகசினிலிருந்து அடுத்தது அந்த இடத்துக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினாலும் துப்பாக்கி காலியல்ல. காலி என்று நினைத்த துப்பாக்கிகளால் செத்தவர்கள் இந்த நாட்டில் நிறைய.

துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் திருகி வைத்திருந்த எஃகுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு பள்ளியின் கண்ணாடிக் கதவைக் காட்டினார்.

"அதுதான் தம்பி கோடு. பார்க்கிங்ல, பூட்டுன வண்டிக்குள்ள இருக்கற வரைக்கும் நான் சிட்டிசன். அதே சாமானோட அந்தக் கதவைத் தாண்டினா கிரிமினல். நடுவுல இருக்கறது ஒரே ஒரு கால்மிதி."

சொல்லி முடித்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போனார். கரும்புக் கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சாக்கில் சுற்றிய கொடுவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கால்மிதியைத் தாண்டி உள்ளே நடந்தார். பின்னாலேயே இன்னொரு கட்டைத் தூக்கிக்கொண்டு ரஞ்சித்தும் போனான். இருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

ஏன் உறைக்கவில்லை என்பது யோசித்தால் புரியும். அவர்களுக்குத் துப்பாக்கி ஆயுதம். கொடுவாள் வீட்டுச் சாமான். தேங்காய் வெட்டவும் வேலி கழிக்கவும் கொங்குப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடக்கும் அரிவாள். சேனாபதி அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்து விமானத்தில் கொண்டுவந்திருந்தார். கரும்புக்கு அதை விட்டால் வழியுமில்லை. சமையல் கத்தி மெல்லிசு, கணுவில் போய் மாட்டிக்கொள்ளும். கொடுவாளுக்கு எடை முழுவதும் முனைப் பக்கம். வளைவு கரும்பை நழுவ விடாமல் அணைக்கும். கை வெறுமனே வழிகாட்டினால் போதும், இரும்பே விழுந்து வெட்டிவிடும்.

கூடத்தில் சாக்கைப் பிரித்ததும் ரஞ்சித் கையை நீட்டினான். சேனாபதி கொடுக்கவில்லை.

"வெட்டற இரும்பைக் கைக்குக் கை வாங்கப்படாது தம்பி, உறவு அத்துப்போகும். உங்கூட்டுல சொல்லித் தரலியா?"

மேசைமேல் வைத்தார். ரஞ்சித் சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். கூடத்துக்குள் சக்கை சிதறும் என்பதால் வெளித் தாழ்வாரத்துக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான்.

தாழ்வாரத்தின் மறுமுனையில் உடற்பயிற்சிக் கூடம். அங்கே பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்சி. மகளை அழைத்துப் போக வந்த ஒரு தாய் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெள்ளைத் துணி சுற்றிய ஒருவன் கை நீள வளைந்த கத்தியை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த கரும்பு அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடி, போலீசைக் கூப்பிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் நுழைந்து சுட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் பார்த்தே பிள்ளை வளர்த்தவள்.

இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியை உருவிக்கொண்டே வந்தார்கள். கீழே போடு என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். ரஞ்சித் போடவில்லை, வைக்கப் பார்த்தான். காலடியில் கரும்புத் துண்டுக்குக் காத்திருந்த இரண்டு குழந்தைகள். கூர்மையான இரும்பைத் தரையில் வீசி அவனுக்குப் பழக்கமில்லை. அதனால் மெதுவாகக் குனிந்தான். குனிவது ஒரு போலீஸ்காரனுக்குப் பாய்வதற்கு முந்தைய நிலைபோலத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. சேனாபதிக்குத் தெரியும். கூடத்தின் வாசலில் நின்ற அவர் ஒரு போலீஸ்காரரின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்றவன் விரலைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பான், சுடத் தீர்மானித்தால்தான் விசைக்குக் கொண்டுவருவான். அந்த விரல் மடங்கி உள்ளே போனதை அவர் பார்த்தார். கொடுவாள் தரையைத் தொட்டு, ரஞ்சித் கையைத் தூக்கிய பிறகு அது மறுபடி வெளியே வந்து நீண்டதையும் பார்த்தார்.

இது யாருடையது என்று போலீஸ்காரர் கேட்டார். ரஞ்சித் சேனாபதியைப் பார்த்தான். அண்ணன் பேசுவார் என்று காத்து நின்றான். உள்ளே பொங்கல் பொங்கி, விஷயம் தெரியாத யாரோ குலவை இட்டார்கள். சேனாபதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சித்தின் கைகளைப் பின்னால் வைத்து விலங்கு மாட்டினார்கள்.

டெக்சஸ் கத்திகள் விஷயத்தில் தாராளமான மாநிலம். வயது வந்தவர் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால்கூடச் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் அலகு ஐந்தரை அங்குலத்தைத் தாண்டினால் சில இடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. மற்ற பல இடங்களில் அது அபராதத்தோடு முடிகிற குற்றம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அது 'பெலனி', சிறைக்கு அனுப்பக்கூடிய பெருங்குற்றம். கொடுவாளின் அலகை வளைவோடு அளப்பதா, நேர்கோட்டில் அளப்பதா என்று போலீஸ்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு விதமாகவும் அளந்தார்கள். இரண்டிலும் தாண்டியது.

ஜாமீனில் வந்த ரஞ்சித்துக்கு, அவன் அமர்த்திய வக்கீலம்மா இதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். சட்டம் யாருடைய கத்தி என்று கேட்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் கேட்கும். இருந்தாலும் ஒரு வழி உண்டு. தெரிந்தே கதவைத் தாண்டிக் கொண்டுவந்தவன் ஒருவன். ஏற்கெனவே உள்ளே கிடந்ததை எடுத்துக் கரும்பு வெட்டியவன் வேறொருவன். கொண்டுவந்தவர் யாரென்று தெரிந்து, அவரே வந்து உண்மையைச் சொன்னால், அரசு வக்கீல் வழக்கைக் கைவிடக்கூடும். தாழ்வாரத்துக் கேமராவில் சேனாபதி இருந்தார், ஆனால் அவர் அக்குளில் சாக்குதான் தெரிந்தது. விழாவுக்கு வந்தவர்களும் சாக்கைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் விசாவில் இருப்பவர்கள். மேசையைக் காட்டும் கேமராவில் ரஞ்சித் சிரித்துக்கொண்டே கொடுவாளை எடுப்பது தெளிவாக இருந்தது.

அவன் சேனாபதி வீட்டுக்குப் போனான். கராஜில் அவர் அந்தக் கைத்துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வசந்தாமணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் படியிலேயே நின்றாள்.

ரஞ்சித் கேட்பதற்கு முன்பே சேனாபதி பேச ஆரம்பித்தார். போலீஸ்காரரின் விரல் விசைக்குப் போய்த் திரும்பியதைச் சொன்னார். தம்பி உயிரோடு நிற்பதே பெரிது என்றார். பிறகு, தான் வாக்குமூலம் கொடுத்தால் என்னென்ன நடக்கும் என்று குழாய் அழுத்தத்தைக் கணக்கிடுகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாக விளக்கினார். உண்மையைச் சொல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டால் வழக்கு அவர் மேல் திரும்பும். வழக்கு வந்தால் உரிமம் போகும். தண்டனை என்று ஆகிவிட்டால் அலமாரியிலிருக்கும் ஒன்றையும் வைத்துக்கொள்ள முடியாது.

"சும்மா ஹாபின்னு நினைச்சுக்காத. இந்த நாட்டுல எனக்குன்னு இருக்கற பலம் இதுதான்."

"உங்களை யாரும் ஊருக்கு அனுப்ப மாட்டாங்ணா. நீங்க சிட்டிசன். என்னைத்தான் அனுப்புவாங்க."

சேனாபதி ஸ்பிரிங்கை அதன் இடத்தில் பொருத்தினார். குழலைப் பொருத்தினார். ஸ்லைடை மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"நான் உன் கையில குடுத்தனா தம்பி? மேசை மேல வெச்சேன். எடுத்தது நீ."

"கைல வாங்கப்படாதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

படியிலிருந்து வசந்தாமணி சொன்னாள்: "ஏனுங்க, அவன் என்ன உங்க உசுரையா கேக்கறான்?"

"நீ உள்ள போ" என்றார் சேனாபதி. அவள் போகவில்லை. காபி ஆடை கட்டியது.

அதற்குப் பிறகு எல்லாம் இயந்திரம்போல் நடந்தது. ஒரு பல் நகர்ந்தால் அடுத்த பல் நகர்ந்தே தீரும். அரசு வக்கீல் வழக்கைக் கைவிடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு சில காலம் கண்காணிப்பில் இருந்தால் தண்டனை இல்லை என்றார். உள்ளூர் நீதிமன்றத்துக்கு அது விடுதலை மாதிரி. குடியேற்றத் துறைக்கோ ஒப்புக்கொண்டதே தண்டனை. ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணை, ஜூரி, சிறை என்கிற சாத்தியம். பிரீத்தி இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, ஒப்புக்கொள்ளச் சொன்னாள். இதற்கிடையில் விசாவை நீட்டிப்பதில்லை என்று கம்பெனி முடிவெடுத்தது. நாடு கடத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே இருப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கண்காணிப்பை ஊரிலிருந்தே தபாலில் முடித்துக்கொள்ள நீதிபதி மட்டும் இரக்கப்பட்டு அனுமதித்தார்.

வீட்டைக் காலி செய்த நாளில் வசந்தாமணி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். சேனாபதி வரவில்லை. கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். யாரும் கேட்காமலே சமையலறையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினாள். ரஞ்சித் சோபாவை வாங்க வந்தவர்களோடு வெளியே நின்றான்.

சேனாபதி அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை என்று வசந்தாமணி சொன்னாள். பிரீத்தி தலையாட்டினாள். அவர் கெட்டவரில்லை, பயந்துவிட்டார் என்றாள் வசந்தாமணி. அதற்கும் பிரீத்தி தலையாட்டினாள். மிக்சிப் பெட்டிக்கு டேப் ஒட்டியானது. டேப்பை அறுக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"அந்தக் கத்தியை இப்படி வை கண்ணு" என்றாள் வசந்தாமணி.

காய் நறுக்கும் சின்னக் கத்தி. ஐந்தரை அங்குலத்துக்குக் குறைவு. பிரீத்தி அதை எடுத்தாள். இருவருக்கும் நடுவில் மேசை இருந்தது, காலியாகத்தான் இருந்தது. பிரீத்தி அதில் வைக்கவில்லை. அலகைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பிடியை வசந்தாமணியின் கைக்கு நேராக நீட்டினாள்.

வசந்தாமணி கத்தியைப் பார்த்தாள். பிறகு பிரீத்தியின் முகத்தைப் பார்த்தாள். வெளியே சோபா வாசல் நிலையில் இடித்துக்கொண்டது. யாரோ சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள்.

பிரீத்தி கையை மடக்கவில்லை. வசந்தாமணி மெதுவாகக் கையை நீட்டி, அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.