கப்பல்லேருந்து கடைசியா எறங்குன ஆளு

1

முதல்லயே சொல்லிடுறேன், இந்தக் கதை நான் கட்டுனது இல்ல. கெமாஸ் ஸ்டேசன்ல ரயில் லேட்டாயிட்டப்ப, பக்கத்துல உக்காந்திருந்த நீலாவதி அக்கா சொன்னது. பல வருஷம் ஆச்சு. இப்ப நான் மீரியில மரக்கட்டை லோரி ஓட்டுறேன். தமிழ் பேச ஆளில்ல. போன வாரம் ஊர்லேருந்து வந்த ஊறுகா பாட்டிலைச் சுத்தியிருந்த பேப்பர்ல, போன வருஷத்துச் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த பாட்டுன்னு பட்டியல் போட்டிருந்தான். ஒண்ணுகூட நான் பாக்கல. ஆனா பேப்பரை மடிக்கிறப்ப அக்கா சொன்ன பரிசு ஞாபகம் வந்திருச்சு.

2

ஆரம்பம் எழுதிப் பாத்தேன்.

"மரவள்ளிக் கொல்லையின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை

[விட்டுட்டேன். கதிரவனுக்குக் கை இருந்து நான் பாத்ததில்ல.]

"போர் மேகங்கள் சூழ்ந்த அந்த

[இதுவும் வேணாம். ரேடியோல யாரோ பேசுற மாதிரி இருக்கு.]

சும்மாவே சொல்றேன். ஜப்பான்காரன் காலம், நாப்பத்தி மூணு கடைசி. கோலா சாவா பக்கம் ஒரு தோட்டம். ரப்பர் பால்மரத்துல வேலை நின்னுபோயி, மரவள்ளி நட்டுக் களை எடுத்துக்கிட்டிருந்தாங்க, அக்காவும்தான். மெட்ராஸ் கப்பல் வர்றதில்ல. கப்பல் இல்லன்னா புதுப்படமும் இல்ல. ஏங்கிப்போன சனங்க பழசைக் கிளறுனாங்க. நாப்பத்தொண்ணுல பாத்த படங்களுக்குப் பரிசு குடுக்கிறதுன்னு முடிவாச்சு. நடுவர், ஆளுங்களை மேய்க்கிற வீரமுத்து மண்டோர், தொண்டை பெருசுங்கிற ஒரே தகுதியில. பரிசு வெறும் கைதட்டல். வாங்க வேண்டியவங்க மெட்ராஸ்ல இருக்கிறப்ப வேற என்னத்தக் குடுக்கிறது?

நல்லா அழுதவங்களுக்கு ஒண்ணு, நல்லா அடிவாங்குன வில்லனுக்கு ஒண்ணு. ஒரு பாட்டுக்குப் பரிசு குடுக்கலன்னு மண்டோர் பொண்டாட்டி தாயம்மா புருசனுக்குக் கஞ்சி ஊத்தல. படத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல அன்னைக்குக் கட்டுன சேலை, தின்ன கச்சாங் கடலை, லோரியில மூஞ்சியில அடிச்ச காத்துன்னு பேச்சு அங்கதான் போகும். வயித்துல மரவள்ளி, வாயில கச்சாங். அப்படித்தான் பொழுது போயிருக்கு.

3

பஞ்சாலைன்னு ஒருத்தி, நாப்பத்தொண்ணுல அவ பாத்தது ஒரே படம்.* புருசன் சந்திரன் தோட்டத்து லோரியில சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போனது. இப்ப சந்திரனை ஜப்பான்காரங்க சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஒரு தகவலும் இல்ல.

[சந்திரன் மேல எனக்குச் சந்தேகம். நல்லவனா, அளந்து விடுறவனா? அக்காவைக் கேட்டேன். "ரெண்டும்தான் தம்பி. ஆபீஸ் கிராணி தன்கிட்ட மழைக்குக் கொடை எரவல் கேட்டாருன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். அவன்கிட்ட கொடையே கெடயாது."]

நல்ல முடிவுக்குப் பரிசுன்னு பேச்சு வந்தப்ப பஞ்சாலை மண்வெட்டியக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. படத்துல, சம்பாதிக்கக் கடல் தாண்டிப் போறான் ஒருத்தன். பொண்டாட்டி துறைமுகத்துல காத்துக்கிட்டு நிக்கிறா.

"எல்லாரும் எறங்குனப்புறம், கடைசியா ஒரு ஆளு தாடியோட எறங்குறாரு. இவளுக்கு அடையாளம் தெரியல. தண்ணி வேணுமான்னு கேக்குறா. கொரலை வச்சுத்தான் கண்டுபுடிக்கிறா."

கொல்லையில முக்காவாசிப் பேர் அந்தப் படத்தைப் பாத்தவங்க. அதுல அப்படிக் கடைசியா யாரும் எறங்கல. கப்பல் காலியா நிக்கும், படம் முடிஞ்சிரும்.

நடந்தது இதுதான். படம் பாக்கப் போன அன்னைக்கு பஞ்சாலை விடியறதுக்கு முந்தியே பேர் கூப்புடுற பெரட்டுக்கு நின்னு, மரம் வெட்டி, பால் தூக்கி, குளிச்சதும் குளிக்காததுமா லோரி ஏறுனவ. கொட்டகையில வெளக்கை அணைச்சதும் தூங்கிட்டா. திரும்பி வர்றப்ப சந்திரன்தான் கதை சொல்லியிருக்கான். அதே லோரியில வந்த நீலாவதி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தாங்க. புருசன் பொண்டாட்டி பேச்சு, நமக்கென்னன்னு வாய் தொறக்கல.

வீரமுத்து மண்டோர் ஆரம்பிச்சாரு. "ஏ பஞ்சாலை, அந்தக் கப்பல்லதான் யாருமே—"

தாயம்மா விடல. "நீங்க எங்க பாத்தீங்க? கடைசியில பீடி குடிக்க வெளிய போயிட்டீங்கல்ல."

மண்டோர் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாரு. "போனேன்லா," அப்படின்னாரு.

எல்லாரும் கை தட்டுனாங்க. நல்ல முடிவுக்கான பரிசு பஞ்சாலை படத்துக்கு.

* படத்துப் பேரு அக்காவுக்கு மறந்துபோச்சு. நானே ஒண்ணு வைக்கலாம். வச்சா நீங்க தேட ஆரம்பிச்சிருவீங்க.

4

முடிவு ரெண்டு எழுதுனேன். ஒண்ணுல ஜப்பான்காரன் சண்டை முடிஞ்சு சந்திரன் தாடியோட வர்றான். கிழிச்சுட்டேன். அது சந்திரன் கட்டுன முடிவு, அதை நான் எப்படி எடுத்துக்கிறது? இன்னொண்ணு: "சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் பஞ்சாலையின் லயத்தைத் தேடி

[கை ஓடல.]

அதனால அக்கா சொன்ன சாயங்காலத்தோட நிக்கிறேன். மரவள்ளிக் கூடையைத் தூக்கிக்கிட்டு பஞ்சாலையும் நீலாவதியும் லயத்து வீட்டுக்கு நடக்குறாங்க. பாதி வழியில பஞ்சாலை நின்னுட்டா.

"நீலா, மத்த படத்துக்கெல்லாம் அடிச்சுக்கிட்டீங்க. என் படத்துக்கு மட்டும் ஒருத்தர்கூட சண்டைக்கு வரலயே."

நீலாவதி கூடையை இடுப்பு மாத்திக்கிட்டு நடக்கப் பாத்தாங்க.

"அன்னைக்கு வெளக்குப் போட்டப்ப முழிச்சேன். சுத்தி எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. ஏன்னு அவருகிட்ட கேட்டேன். சந்தோஷத்துலன்னாரு. சந்தோஷத்துக்கு அப்படியா அழுவாங்க? நீ தூங்கலதானே. சொல்லு, அந்த ஆளு எறங்குனாரா இல்லயா?"

அதுக்கு என்ன பதில் சொன்னாங்கன்னு அக்கா என்கிட்ட சொன்னாங்க. சந்திரன் திரும்பி வந்தானா இல்லயாங்கிறதும் எனக்குத் தெரியும். ரெண்டையும் எழுத மாட்டேன். தெரிஞ்சப்புறம் பதில் சொல்ல யாராலயும் முடியும். அந்தச் சாயங்காலம் நீலாவதிக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாம இருக்கட்டும்.

பஞ்சாலை கூடையக் கீழ எறக்கி வச்சுட்டா. உங்க மூஞ்சியத்தான் பாக்குறா.